அங்காடியும் அமானிதமும்

சென்னை தியாகராய நகரின் வீதிப் பெயர்களை நின்று படிப்பவர்க்கு அங்கே ஒரு வரலாறு எழுதிவைக்கப்பட்டிருப்பது புலனாகும். 1920களில் மாம்பலத்துப் பழைய ஏரி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் இந்நகர் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் சூட்டப்பெற்றன. அக்காலத்து முஸ்லிம் பெருமக்கள் இருவரும் இவ்வீதிகளில் இடம்பெற்றுள்ளனர். ஒருவர், 1934இல் சென்னை மாகாண ஆளுநர் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்று, அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரான சர் முஹம்மது உஸ்மான். மற்றவர், வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த சர் முஹம்மது ஹபீபுல்லாஹ். 1926ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்று, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம்மவர்களின் வழித்தோன்றல்களுக்காகக் கேப்டவுன் வட்டமேசை மாநாட்டில் வாதாடிய இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

ஊர்விட்டுப் போய் உழைத்தவர்களுக்காகக் கடல் கடந்து பேசியவரின் பெயரைத் தாங்கிய சாலை, இன்று ஊர்விட்டு வந்து உழைப்பவர்களின் பேட்டைக்குள் இருக்கிறது. 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் தொடங்கிய பட்டுக்கடையிலிருந்து, மாம்பலம் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெருவின் பலமாடிக் கடைகள் வரை, நாட்டின் பெரும் சில்லறை வணிக மையங்களுள் ஒன்றாக இந்நகர் வளர்ந்துவிட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய தென் மாவட்டங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கே விற்பனைப் பணிக்கு வருகின்றனர். பலர்க்குத் தங்குமிடமும் உணவும் கடையைச் சார்ந்தவையே. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் அடுக்குமாடிக் கடை ஒன்றில் தீப்பற்றியபோது உயிரிழந்த இருவரும் அக்கடையின் ஊழியர்களே. 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் இவர்களின் வாழ்வைப் பொதுமக்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தது.

இக்கட்டுரை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதத்தில், எங்களிடம் சில ஆண்டுகள் ஓதிவிட்டுக் குடும்ப நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அப்போது அவர் இப்பகுதிக் கடை ஒன்றில் துணிப்பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். “ஹஜ்ரத், தராவீஹை உட்கார்ந்து தொழலாமா?” என்று கேட்டார். காரணம் கேட்டேன். கரண்டைக் கால் வரை வீங்கியிருந்த பாதங்களைக் காட்டினார். பெருநாள் விற்பனைக் காலம்; காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நிற்க வேண்டும்; தளத்தில் நாற்காலி என்பதே இல்லை. நான் சட்டம் சொன்னேன். உபரித் தொழுகையை உட்கார்ந்து தொழலாம். இயலாமையால் உட்கார்பவருக்கு நன்மையில் குறைவில்லை என்றேன். அவர் மனநிறைவுடன் சென்றார். அக்கடையின் உரிமையாளர் முதல் வரிசையில் நின்று தொழுபவர், இஃப்தாருக்கு வாரி வழங்குபவர் என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. கேள்வி கேட்டவருக்கு நான் விடை சொன்னேன். அக்கேள்வியை உண்டாக்கியவரிடம் எதுவும் சொல்லவில்லை.

நிர்வாகவியல் கடந்து வந்த வழி

பணியிடத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான், அவனிடம் எவ்வாறு வேலை வாங்குவது என்பதை ஆராயும் துறைக்கு ‘நிறுவன நடத்தையியல்’ என்று பெயர். வணிகவியல் பயிலும் நம் பிள்ளைகள் இதைப் பாடமாகவே படிக்கின்றனர். இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட ‘அறிவியல் முறை மேலாண்மையின் கோட்பாடுகள்’ என்னும் நூல் இதன் தொடக்கங்களுள் ஒன்று. பெத்லஹேம் இரும்பு ஆலையில் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தார். டெய்லர் கடிகாரமும் கையுமாக நின்று, ஒவ்வோர் அசைவையும் அளந்து, அதை ஏறத்தாழ 47 டன்னாக உயர்த்தியதாக எழுதுகிறார். கூலி உயர்ந்ததோ ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். இவ்விடத்தில் பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அவ்வளவு பாரம் சுமப்பவன் பகற்பொழுதில் பாதிக்கும் மேல் சுமையின்றி இருந்தாக வேண்டும் என்பதையும் டெய்லரே கணக்கிட்டுச் சொன்னார். ஆகவே அவருடைய முறையில் ஓய்வு உண்டு. ஆனால் எப்போது சுமப்பது, எப்போது உட்கார்வது என்பதை மேற்பார்வையாளரே ஆணையிடுவார். தன் களைப்பை அறியும் அதிகாரம் தொழிலாளிக்கு இல்லை.

அடுத்த கட்டம், சிகாகோ நகரையடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும், இடைவேளைகளை மாற்றியும் பார்த்தனர். ஒரு சிறு பெண் தொழிலாளர் குழுவைத் தனியறையில் அமர்த்தி ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். தம்மை ஒருவர் பொருட்படுத்துகிறார், தம் கருத்தைக் கேட்கிறார் என்ற உணர்வே உழைப்பை மாற்றுகிறது என்று எல்டன் மேயோவும் அவர் வழிவந்தோரும் விளக்கினர். அம்முடிவுகள் பிற்காலத்தில் கடுமையாக விவாதிக்கப்பட்டன. ஆயினும் தொழிலாளி ஓர் இயந்திர உறுப்பன்று என்ற பேச்சு அங்கிருந்து வலுப்பெற்றது.

1960இல் டக்ளஸ் மக்கிரெகர் இரு மனப்பான்மைகளைப் பிரித்துக் காட்டினார். மனிதன் இயல்பிலேயே சோம்பேறி. அவனை அச்சத்தாலும் கண்காணிப்பாலும்தான் வேலை வாங்க முடியும் என்பது ஒன்று. இதற்கு ‘எக்ஸ்’ கோட்பாடு என்று பெயரிட்டார். பொறுப்பளித்தால் மனிதன் தானே முன்வந்து உழைப்பான் என்பது மற்றொன்று. இது ‘ஒய்’ கோட்பாடு. ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை குறையும், உறங்கிவிடுவார், பேசிக்கொண்டிருப்பார் என்று எண்ணி நாற்காலியை அகற்றும் முதலாளி மக்கிரெகரைப் படித்திருக்கமாட்டார். ஆயினும் அவர் முதற்கோட்பாட்டை நாள்தோறும் நடைமுறைப்படுத்துகிறார்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஓய்வோ, மரியாதையோ, பொறுப்போ எதைக் கொடுத்தாலும், அதனால் உற்பத்தி பெருகுமா என்பதே முதன்மைக் கேள்வியாக நின்றது. உற்பத்தி பெருகினால் கொடுக்கலாம். பெருகாவிட்டால்? அதற்கு இத்துறையில் தெளிவான விடை இல்லை.

சென்னை கண்ட போராட்டம்

விடை வேறு திசையிலிருந்து வந்தது. டெய்லரின் நூல் வெளியாகி ஏழாண்டுகள் கழித்து, 1918 ஏப்ரல் 27இல், பெரம்பூர் பகுதியில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைநின்றார். தொழிலாளர் எழுப்பிய முதற் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது. வெளியே வந்து, கைகால் கழுவி, உண்டு, வாயிற்கதவு மூடுமுன் ஓடிச் சேர்வதற்கு அந்த அரைமணி போதாது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் அமைப்பு, வயிறார உண்ணப் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்டு எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆலைக்குச் சட்டம் இருந்தது, கடைக்கு இல்லாதிருந்தது. 1947இல்தான் சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே பொது வரம்பு. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வின்றி மேலும் வேலை வாங்கலாகாது என்றும் அது விதித்தது. அந்த ஓய்வு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஊழியர் நிற்பதா, அமர்வதா என்பதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பணிப்பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வீதம் வைக்க வேண்டுமென்று தனிச்சட்டம் வந்துவிட்டது. அதே ஆங்கிலேயர் ஆண்ட நம் நாட்டுக்கு அது வரவில்லை.

நம் நூல்களில் கடையூழியர்

‘இஸ்லாமிய மேலாண்மை’ பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கலீஃபாக்களின் ஆட்சித் திறனையும், ஆளுநர்க்கு அவர்கள் எழுதிய கடிதங்களையும் எடுத்துக்காட்டுவர். அவை பயனுள்ளவையே. ஆனால் அவை ஆள்பவரைப் பற்றியவை. கடைத்தளத்தில் நிற்கும் ஊழியருக்கு நெருக்கமான சான்றுகள் வேறிடத்தில் உள்ளன.

முதலாவது, மத்யன் நகரில் நடந்த உடன்படிக்கை. திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் இதை விவரிக்கிறது. வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்கமர்த்தத் தக்கவர் என்று அப்பெண் தம் தந்தையிடம் பரிந்துரைக்கிறார். பணியாளரிடம் எதிர்பார்க்க வேண்டிய இரு தகுதிகளாக இவ்வசனத்தை நம்மவர் அடிக்கடி எடுத்தோதுவர். அதற்கடுத்த வசனத்தை அவ்வளவாக ஓதுவதில்லை. அங்கே அம்முதியவர் எட்டாண்டுக் காலத்தை வரையறுக்கிறார். பத்தாண்டாக்குவது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என விட்டுவிடுகிறார். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று தாமே வாக்களிக்கிறார். பணியாளரின் தகுதியைச் சொன்ன அதே மூச்சில் பணியமர்த்துபவரின் கடமையும் சொல்லப்பட்டுவிட்டது. கூடுதல் வேலை கட்டாயமன்று, விருப்பம் என்பதும் அதில் அடங்கும்.

இரண்டாவது, அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி. நம் கைக்குக் கீழ் உள்ளோர் நம் சகோதரர்கள். நாம் உண்பதிலிருந்து உண்ணவும் உடுப்பதிலிருந்து உடுக்கவும் அவர்களுக்குத் தர வேண்டும். சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாகாது. ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஊழியர் விடுதியின் சமையற்கூடத்தை அதன் உரிமையாளர் ஒருநாள் எட்டிப் பார்த்தாலே இந்நபிமொழியின் விரிவுரை கிடைத்துவிடும்.

மூன்றாவது, என் மாணவரின் கேள்வியோடு நேராகப் பொருந்துவது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் ஓர் இரவுத் தொழுகையில் நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். நீரிறைக்கும் இரு ஒட்டகங்களுடன் வேலை முடித்து வந்த ஒருவர், இடையில் விலகித் தனியே தொழுதுவிட்டுச் சென்றார். அவரைப் பற்றி முஆத் (ரலி) கடுமையாகப் பேசவே, அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். நபியவர்கள் கடிந்துகொண்டது அந்த உழைப்பாளியை அன்று, இமாமை. பின்னால் நிற்போரில் முதியவரும் பலவீனரும் அலுவல் உடையோரும் உண்டு என்பதை நினைவூட்டிச் சிறிய அத்தியாயங்களை ஓதப் பணித்தார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கும் நிலையையே உழைத்துக் களைத்தவரின் கால்களுக்காகச் சுருக்கிய மார்க்கம் இது. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் பன்னிரண்டு மணி நேரம் நில் என்று சொல்லும் உரிமையை ஒரு வணிகருக்கு அது கொடுக்குமா?

முஹ்தஸிபின் கடமை

அறவுரை ஒன்று, அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பு மற்றொன்று. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பக்தாதில் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலின் இறுதி அத்தியாயம், ‘ஹிஸ்பா’ என்ற அங்காடிக் கண்காணிப்புத் துறையைப் பற்றியது. அளவையும் நிறுவையும் பார்ப்பவரே முஹ்தஸிப் என்று நாம் எண்ணியிருக்கிறோம். மாவர்தீயின் முஹ்தஸிப் அதற்கும் அப்பால் செல்கிறார். பணியமர்த்தியவர் கூலியைக் குறைத்தோ வேலையைக் கூட்டியோ வரம்பு மீறினால், முஹ்தஸிப் அவரைத் தடுக்க வேண்டும். பணியாளர் வேலையைக் குறைத்தோ கூலியைக் கூட்டிக் கேட்டோ வரம்பு மீறினால் அவரையும் தடுக்க வேண்டும். ஒருவர் மறுத்து வழக்கு எழுந்தால் அது காதியின் மன்றத்துக்குரியது. கப்பலில் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றுவதையும், கால்நடைகளிடம் அளவு கடந்து வேலை வாங்குவதையும் தடுப்பது அவர் கடமையே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வேலையைக் கூட்டுவது கூலியைக் குறைப்பதோடு ஒரே தட்டில் வைக்கப்படுகிறது. இரண்டும் பிறர் உரிமையைப் பறிப்பவை. ஓய்வு கொடுத்தால் விற்பனை பெருகுமா என்று முஹ்தஸிப் கேட்பதில்லை. அது ஹக்கு, அதாவது உரிமை. இலாபக் கணக்கில் சேராதது. மேலை நிர்வாகவியல் விடையளிக்காமல் விட்ட கேள்விக்கு நம் ஃபிக்ஹு தந்த விடை இதுவே. ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், மக்களின் உழைப்பே அவர்களின் செல்வம் என்றும், ஈடின்றி அவர்களை உழைக்க வைப்பது நாகரிகத்தையே அழிக்கும் பெருங்கொடுமை என்றும் எழுதியது இதன் தொடர்ச்சி. கடிகாரம் முடிந்த பின்னும் ஊதியமின்றி நிறுத்திவைக்கப்படும் ஒரு மணி நேரத்தை அவர் எந்தப் பெயரால் அழைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் பெருமை பேசி முடித்துவிடுவது நேர்மையாகாது. மாவர்தீ எழுதிய சமுதாயத்தில் அடிமைகள் இருந்தனர். அவர்களுக்கான பாதுகாப்பும் அடிமைமுறைக்குள் நின்றே பேசப்பட்டது. இப்னு கல்தூனின் மாணவரும், 1399 முதல் கெய்ரோவில் முஹ்தஸிபாகப் பொறுப்பு வகித்தவருமான மக்ரீஸீ, பதவிகள் கையூட்டுக்கு விற்கப்பட்டதே நாட்டின் பஞ்சத்துக்கு முதற்காரணம் என்று எழுதிவைத்தார். நூலில் உள்ள முஹ்தஸிப் வேறு, தெருவில் நடந்த முஹ்தஸிப் வேறு என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி தேவையில்லை. நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டனர் என்று கூறி அமைவது எளிது. சொன்னதைச் செய்தோமா என்பதே மறுமையில் கேட்கப்படும்.

நாற்காலி ஒரு சட்டமாயிற்று

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பணிப்பெண்கள், பி. விஜி என்னும் தையற்காரப் பெண்மணியின் தலைமையில் கழிவறைக்காகவும் இருக்கைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினர். அதன் பயனாக 2018இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. பணிக்கிடையே உட்காரும் வாய்ப்பு நேரும்போது பயன்படுத்திக்கொள்ள, எல்லா ஊழியர்க்கும் ஏற்ற இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெண்களுக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் இது பொருந்தும். மாவர்தீயின் மொழியில் சொன்னால், வேலையை வரம்பு மீறிக் கூட்டுவதைத் தடுக்கும் ஒரு விதி மீண்டும் எழுதப்பட்டது. தொழிலாளர் துறை ஆய்வாளர் இக்காலத்து முஹ்தஸிப் ஆனார்.

சட்டம் நாற்காலியைக் கொண்டுவரும். அதில் உட்காரும் துணிவைக் கொண்டுவருவதில்லை. இப்பகுதிக் கடைகளில் நான் கண்டவரை, சிலவற்றில் ஊழியர் இயல்பாக அமர்ந்து எழுகின்றனர். சிலவற்றில் முக்காலி மேசைக்கடியில் இருக்கிறது, மேற்பார்வையாளரின் பார்வை அதன்மேல் இருக்கிறது, உட்கார்பவர்தாம் இல்லை. முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் இதில் தனித்து விளங்குகின்றன என்று சொல்ல எனக்கு ஆசைதான், சொல்ல முடியவில்லை.

ஆய்வாளர் ஆண்டில் ஒருநாள் வரலாம். வணிகர் நாள்தோறும் அங்கே இருக்கிறார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட இளைஞரின் உடல்நலமும் அமானிதமே. ஜகாத் கொடுப்பதாலோ, நோன்புக் கஞ்சி வழங்குவதாலோ அந்த அமானிதம் தீர்ந்துவிடாது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நாம் மிம்பரில் எடுத்தோதுகிறோம். கூட்டப்பட்ட வேலையும் குறைக்கப்பட்ட கூலியே என்பதையும் சேர்த்து ஓத வேண்டாமா?

இக்கடமை வணிகர்க்கு மட்டும் உரியதன்று. கேட்டவருக்குச் சட்டம் சொல்லி அனுப்பிவிட்டு, காரணமானவரிடம் வாய்மூடியிருந்த என் போன்ற ஆலிம்களுக்கும் இதில் பங்குண்டு. வணிகப் பெருமக்களின் நன்கொடையால் நடக்கும் மத்ரஸாக்களில் அமர்ந்துகொண்டு அவர்களிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். முஆத் (ரலி) அவர்களைக் கடிந்துகொண்ட நபிமொழியை மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம், அந்த வீங்கிய பாதங்கள் நினைவுக்கு வருகின்றன. அந்த உழைப்பாளிக்குத் தம் முறையீட்டைக் கொண்டுசெல்ல நபியவர்களின் சமூகம் இருந்தது. இன்றைய உழைப்பாளி நம்மிடம் வருகிறார். அவர் கேட்பது தொழுகையின் சட்டம் போலத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் நிற்கும் கேள்வியையும் கேட்டு, அதை உரியவரிடம் கொண்டுசேர்க்கும் துணிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக!